நாற்பத்தொன்று

வட்டக்கச்சி மூன்றாம் வாய்க்கால் தாண்டி
மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில்
பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.
படலையடியில் நின்ற பூமலரக்கா
"பெட்டி வந்திட்டுது" என்று உள்ளே குரல் கொடுத்தா.
சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டா.
டென்மார்க்கில் மற்றப் பெட்டி
இன்னும் மண்டபத்துக்கு வரவில்லை.

செத்தது நல்லைநாதரின் தம்பி குலேந்திரன்.
பத்தொன்பது வருசமாய்ப் பேச்சில்லை.
ஏனென்று நான் கேட்கவில்லை,
கொம்பியூட்டர் பூட்ட வந்தவளுக்கு
அது தேவையில்லாத வயர்.

மூன்றரைக்குத் தொடங்கும். அங்கே அப்போது பதினொன்று.
என்னிடம் இருந்தது ஒன்றரை மணித்தியாலமும்
கிளிநொச்சியில் ஏதோ கந்தோர் கழித்துவிட்ட கொம்பியூட்டரும்
எழுத்துத் தேய்ந்த விசைப்பலகையும்
ஒரு டொங்கிளும்.
அறைக்குள் ஒரு கோடு சிக்னல்.
யன்னலில் இரண்டு.
ஷொப்பிங் பையால் சுற்றி
முள்முருங்கைக் கொப்பில் கட்டினால் மூன்று.
வயர் அதுக்கு மேல் எட்டாது.
இரணைமடுப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றது.

பழைய பிரவுசர் எதையும் திறக்கமாட்டேன் என்றது.
புதியது இறங்க நாற்பது நிமிசம்.
அந்த நாற்பது நிமிசத்தில்
நல்லைநாதர் சவரம் செய்தார், கிணற்றடியில் குளித்தார்,
மடிப்புக் கலையாத வேட்டியை உதறிக் கட்டினார்.
"அங்கையிருந்து எங்களைத் தெரியுமோ பிள்ளை?"
"தெரியாது. நாங்கள்தான் அவையைப் பார்க்கலாம்."
"ஓம்" என்றார்.
சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டினார்.

தம்பியின் மகள் அனுப்பிய முகவரியை
என் போனைப் பார்த்து எழுத்தெழுத்தாய் அடித்தேன்.
முதல்தரம் பிழைத்து வெறும் வெள்ளை.
இரண்டாந்தரம் கதிரைகள்.
வரிசை வரிசையாய் ஆளில்லாக் கதிரைகள்.
ஊமைப்படமாய்.
பச்சைப் பிளக்கை வேறு துளையில் குத்தியிருக்கிறேன்.
மாற்றினேன்.
அறை முழுக்க ஒரு இருமல்.
"ஆரது?" என்று குசினியிலிருந்து
பூமலரக்கா ஓடிவந்தா.

படம் நின்று நின்று ஓடியது.
தரத்தைக் குறைத்தேன்.
ஓட்டம் சீரானது, முகங்கள் சதுரங்களாயின.
பெட்டி வந்தது. திறந்தார்கள்.
ஆறேழு சதுரத்தில் கிடந்த தம்பியைப் பார்த்து
"மூக்கு ஐயாவின்ரை" என்றார்.
எனக்கு அதில் மூக்கே தெரியவில்லை.

யாரோ தேவாரம் படிக்கையில்
திரையின் மூலையைத் தொட்டுக் கேட்டார்:
"இந்தக் கண்ணும் நாற்பத்தொன்றும் என்ன?"
"இப்ப பார்த்துக்கொண்டிருக்கிற ஆக்கள்."
"பேர் விழுமோ?"
"இல்லை. எண் மட்டும்தான்."

அப்போதுதான் மழை.
தேவாரம் பாதிச் சொல்லில் நின்றது.
வட்டம் சுழன்றது, சுழன்றது.
குடையோடு ஓடிப்போய்
முள் குத்தக் குத்தக் கொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"வந்திட்டுது!" என்று உள்ளேயிருந்து கத்தினா.
நனைந்தபடி யன்னலால் எட்டிப்பார்த்தேன்.
மூலையில் நாற்பது.
ஒரு இமைப்பொழுதில் நாற்பத்தொன்று.
"அது நான்" என்றார்,
எங்கள் இருவருக்கும் அல்ல.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
பிறகு சனம்.
கமராவை நிறுத்த ஆருக்கும் ஞாபகமில்லை.
இருபத்தாறு.
ஒன்பது.
முன்வரிசைக் கதிரையொன்றில்
ஆரோ மறந்துபோன கையுறை.
நாலு.
பிறகு ஒன்று.

"நிப்பாட்டட்டோ அண்ணை?"
மவுஸின் மேல் தன் கையை வைத்தார்.
கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டு,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே,
"டேட்டா இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்றார்.